இடுப்பு என்று போட்டிருந்தது

தேன்மொழி ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டாள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர், வயது, உயரம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினவள், எடையில் அரைக் கிலோவுக்குக்கூட அம்மாவோடு மல்லுக்கு நின்றவள், ஏழாவது கேள்விக்கு மட்டும் தானாகவே பதில் போட்டுக்கொண்டாள். அது அவளுக்குத் தெரிந்த கதை. உங்கள் தாய் அல்லது தந்தைக்கு இடுப்பு எலும்பு முறிவு ஏற்பட்டதுண்டா? அம்மாச்சி போனது வாதத்தில், தாத்தா போனது நெஞ்சுவலியில், ஆக இல்லை. புகை பிடிப்பீர்களா என்பதற்கு ஒரு சிரிப்பு, அதுவும் இல்லை. மது அருந்துவீர்களா என்பதற்கு இன்னும் கொஞ்சம் பெரிய சிரிப்பு. அம்மா மங்கையர்க்கரசியும் கூடவே சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு பாதி வழியில் நின்றுபோனதை மகள் கவனிக்கவில்லை. அதற்குள் கீழேயிருந்து ஆஸ்பத்திரிக் காவலாளி வந்து, வாசலை மறித்து நிற்கிற வெள்ளை வண்டி யாருடையது, ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டும் என்று சத்தம் போட்டார். தேன்மொழி படிவத்தை அம்மாவின் மடியில் வைத்தாள், பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டாள், சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினாள். திருச்சி தில்லைநகரில் முற்பகல் பதினொரு மணிக்கு வண்டி நிறுத்த இன்னொரு இடம் கிடைப்பதென்றால் கால் மணி நேரமாவது ஆகும்.

மடியில் கிடந்த படிவத்தை மங்கையர்க்கரசி பார்த்துக்கொண்டே இருந்தாள். வலது கை முழங்கையிலிருந்து விரல் கணு வரைக்கும் மாவுக்கட்டில் இருந்தது. போன மாதம் தபால் நிலையத்துப் படியில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தாள், இன்னொரு படி இருந்தது, அவ்வளவுதான். விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, உட்கார்ந்தது மாதிரிதான். அதற்கே மணிக்கட்டு போய்விட்டது. இவ்வளவு லேசாக விழுந்ததற்கெல்லாம் எலும்பு உடையக் கூடாதே என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கி, எலும்பு அடர்த்தி பார்த்துவிடலாம் என்றார். பார்த்தாயிற்று. மேசையில் மல்லாந்து படுக்க வைத்து, மேலே ஒரு கை போன்ற இயந்திரம் நகர்ந்து நகர்ந்து போய், பச்சை மஞ்சள் சிவப்பு என்று வண்ணம் தீட்டிய தாள் ஒன்று வந்திருக்கிறது. அதில் அவளுக்கான புள்ளி மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே எந்தப் பக்கம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. மிச்சத்தை இந்தப் படிவம் சொல்லுமாம். பன்னிரண்டு கேள்விக்கான பதிலை நர்ஸ் ஜெனிட்டா கம்ப்யூட்டரில் போட்டால், வருகிற பத்து வருடத்தில் இன்னொரு எலும்பு உடைய நூற்றுக்கு எத்தனை பங்கு வாய்ப்பு என்று அது கணக்குச் சொல்லும். அந்த எண் அவர்கள் வைத்திருக்கிற கோட்டுக்குக் கீழே வந்தால் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம், மேலே போனால் ஊசி. வலது கை சும்மா இருந்திருந்தால் படிவத்தை அவளே பூர்த்தி செய்திருப்பாள். ஏழாவது கேள்வியில் ‘ஆம்’ என்று போட்டு மடித்துக் கொடுத்திருப்பாள், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்திருக்கும். போட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

இடுப்பு என்றுதானே போட்டிருக்கிறது. இருபத்தாறு வருடம் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் எழுத்தராக உட்கார்ந்து எழுதினவளுக்கு, படிவத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். கேட்காததை எழுதாதே. இடுப்பு என்பது எது? குடம் உட்காருகிற இடம், பிள்ளை உட்காருகிற இடம், சாவிக்கொத்து செருகுகிற இடம். குஞ்சம்மாளுக்கு, அதாவது அவளுடைய அம்மாவுக்கு, அங்கே ஒன்றும் ஆகவில்லை. ஆனது தொடையில். தொடை வேறு, இடுப்பு வேறு, இதைப் பச்சைப் பிள்ளையும் சொல்லும். ஆகவே தேன்மொழி போட்ட டிக் சரிதான், தெரியாமல் போட்டிருந்தாலும் சரிதான் என்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததும் சுற்றிப் பார்த்தாள். ஒன்பது நாற்காலி, ஏழு பேர், சுவரில் ஓர் எலும்புக்கூட்டுப் படம், அதன் காலருகில் தண்ணீர் கேன். அந்த எலும்புக்கூட்டில் இடுப்பு எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. படிவத்தில் தப்பு இருந்தால் படிவம் அடித்தவன்தான் பொறுப்பு, பூர்த்தி செய்தவன் பொறுப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் தொடையில் ஆனது என்று இப்போது ஒத்துக்கொண்டுவிட்டாள் அல்லவா? பதின்மூன்று வருடமாக மனசுக்குள்ளேகூட அதைப் பிசகு என்றுதான் சொல்லிவந்தாள். கால் பிசகு.

அன்றைக்குக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் குஞ்சம்மாள் கிடந்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது, அழுகை இல்லை. தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டபோது ஒரு பாதம் நேராக நிற்காமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டது, நிமிர்த்தி வைத்தாலும் மறுபடி சாய்ந்தது. இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள் மங்கையர்க்கரசி. ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது. அதைப் பார்த்தவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெரு டாக்டரும் வந்து பார்த்துவிட்டு, தொடை எலும்பு மேலே உடைந்திருக்கிறது, திருச்சிக்குக் கொண்டுபோங்கள், ஆபரேஷன்தான் என்றார். தேன்மொழியின் கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. பத்திரிகை பாதி கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறார், லீவு முடிந்தால் போய்விடுவார். தேன்மொழியின் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் இன்னொன்றுக்கு யார் நடையாய் நடப்பது. மங்கையர்க்கரசியின் அண்ணன் தாயுமானவன் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே கணக்குப் போட்டார். எழுபத்தொன்பது வயசு. கத்தி வைத்தால் மேசையிலேயே போனாலும் போகலாம். போய்விட்டால் வீட்டில் எழவு, கல்யாணம் நின்றுவிடும். கத்தி வைக்காமல் படுக்கையிலே விட்டால் எப்படியும் மூன்று வாரம் தாங்கும். அந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை. கட்டு வைத்தியர் வந்தார், முட்டையையும் உளுந்து மாவையும் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். வந்தவர்களிடம் முதலில் பிசகு என்றார்கள். எழுந்து நடமாடவில்லையே என்று கேட்டபோது வாதம் என்றார்கள். வாதம் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள், உச்சுக்கொட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். அண்ணனுடைய கணக்கு ஒரு நாள்கூடத் தப்பவில்லை. கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது.

எதிர் வரிசையில் லால்குடிப் பக்கத்து அம்மா ஒருத்தி ஜெனிட்டாவை நிறுத்தி வைத்துப் படிவத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்கம்மாவுக்கு இடுப்பெல்லாம் ஒன்றும் ஆகவில்லை, தொடைதான் ஒடிந்தது, அப்படியானால் இல்லை என்றுதானே போட வேண்டும் என்று கேட்டாள். மங்கையர்க்கரசிக்கு யாரோ தன் மடியில் கிடந்ததை எடுத்து உரக்கப் படித்தது மாதிரி இருந்தது. ஜெனிட்டா சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, காலையிலிருந்து உட்காராத முகம். அவள் சலித்துக்கொள்ளாமல் குனிந்து தன் தொடை இடுப்போடு சேருகிற இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “இந்த இடம்தாங்கம்மா. நீங்க தொடைங்கிறத இதுல இடுப்புன்னு போட்டிருக்கு. தினம் நாலு பேராவது இல்லைன்னு போட்டுர்றாங்க, அப்பறம் கணக்கே தப்பா வருது.” லால்குடி அம்மா, அப்படியா சங்கதி என்று சொல்லிவிட்டு ‘ஆம்’ என்று போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. தன் அம்மாவை அவள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள், கம்பி வைத்திருப்பார்கள், அந்த அம்மா கைத்தடியோடு பத்து வருடம் வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டு இருந்திருப்பாள். அப்படிப்பட்டவர்களுக்கு எந்தப் படிவத்திலும் பயம் இல்லை. மங்கையர்க்கரசிக்கு அந்த முகம் தெரியாத கிழவி மேல் பொறாமையாக இருந்தது, பிறகு அப்படிப் பொறாமைப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

கணக்கே தப்பாக வருகிறது என்றாளே அந்தப் பெண். எத்தனை கணக்கு. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எப்படி இறந்தாங்க என்று எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டிருப்பாள். வீட்டில் இறந்தவர்களுக்கு யாரும் டாக்டர் சீட்டு கொண்டுவருவதில்லை, வாயால் சொல்வதுதான். குளியலறையில் விழுந்தாங்க, அப்பறம் எந்திரிக்கவே இல்ல. மாடு முட்டித் தள்ளிச்சு, மூணு மாசம் படுத்த படுக்கை. கோலம் போட்டுட்டு எந்திரிக்கும்போது சாய்ஞ்சாங்க. அவள் தலையை ஆட்டிக்கொண்டே காரணம் என்ற பத்தியில் ஒரே சொல்லை எழுதுவாள்: வயோதிகம். அழகான சொல், எல்லாக் கிழவிக்கும் பொருந்துகிற சொல், பத்தியின் அகலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அதில் ஒருத்திக்காவது எலும்பு உடைந்தது என்று அவள் எழுதினதில்லை. யாரும் எழுதச் சொன்னதும் இல்லை. பிறகு மேலிடத்திலிருந்து வருடாந்தரப் புள்ளிவிவரம் வரும், அதில் இந்த ஊரில் எலும்பு உடைந்து செத்தவர் பூஜ்யம் என்று இருக்கும். இவ்வளவு நல்ல எலும்பு உள்ள ஊரா என்று ஒரு முறை மேலாளர்கூடச் சிரித்தார், அவளும் சிரித்தாள். கல்யாணம் முடிந்து நாலாவது வாரம் தாயுமானவன் அதே கவுண்ட்டரில் வந்து நின்றார். பக்கத்து இருக்கைக்காரர் அன்றைக்கு லீவு. அவளே எழுதினாள். பெயர் குஞ்சம்மாள், வயது எழுபத்தொன்பது, அண்ணனை நிமிர்ந்து பார்க்காமல் காரணத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். உறவுக்காரர்களுக்கு வாதம், அரசாங்கத்துக்கு வயோதிகம், வீட்டுக்குள் பிசகு. ஓர் எலும்புக்கு மூன்று பெயர். உடைந்தது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இப்போது அண்ணனும் இல்லை. குடும்பத்தில் இது தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான் மிச்சம்.

அவள் வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகிவிடும். ஒன்றும் ஆகாது. கோட்டுக்குக் கீழே ஒரு எண் வரும், மாத்திரையோடு வீட்டுக்குப் போவாள், தேன்மொழி வழியில் இளநீர் வாங்கித் தருவாள். எண் மட்டும் பொய்யாக இருக்கும். அந்தப் பொய் எண்ணை நம்பி அவள் மாடிப்படி ஏறுவாள், கொல்லையில் துணி உலர்த்துவாள், ஒருநாள் விழுவாள். விழுந்தபிறகு எந்தப் பாதம் எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியும். இடது கையால் பேனா பிடிக்க முடியுமா என்று விரலை மடக்கிப் பார்த்தாள். பேனா தேன்மொழியின் கொண்டையில் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம், ஒரு கோடு கிழித்து இன்னொரு கட்டத்தில் கிறுக்கினால் போதும். ஆனால் டாக்டர் அறைக்குள் மகளும்தானே கூட வருவாள், உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் உடைந்தது, எப்படி உடைந்தது, என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்பாரே. என்ன வைத்தியம் செய்தோம். தேன்மொழிக்கு அவள் அம்மாச்சி என்றால் உயிர். உன் கல்யாணத்துக்காக உன் அம்மாச்சியை உடைந்த காலோடு படுக்கப் போட்டோம் என்று எந்த வாயால் சொல்வது. இத்தனைக்கும் அது நல்ல கல்யாணம், மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, இரண்டு குழந்தைகள், ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு குறையும் சொல்ல முடியாததுதான் அவளுக்குச் சில சமயம் தாங்க முடியாமல் இருந்தது.

அதுவுமில்லாமல், அம்மாவே சொன்னாளே. கல்யாணம் முடியட்டும் என்று குஞ்சம்மாளே சொன்னாளே. பதின்மூன்று வருடமாக அவள் சாய்ந்துகொள்கிற சுவர் அது. கட்டிலில் படுத்தபடி, உத்தரத்தைப் பார்த்தபடி, கல்யாணம் முடியட்டும் மங்கை என்று அம்மா சொன்னாள். சொன்னபோது அறையில் வேப்பெண்ணெய் வாடை அடித்தது. இல்லை, வேப்பெண்ணெய் பிறகுதான், முதுகில் புண் வந்தபிறகு. அப்படியானால் கட்டு வைத்தியர் வருவதற்கு முன்பு, முட்டை வாடைக்கும் முன்பு. அப்போது அம்மாவுக்குப் பேச முடிந்ததா? பல்லைக் கடித்துக்கொண்டல்லவா கிடந்தாள். ஒருவேளை அண்ணன் சொல்லியிருக்கலாம், கல்யாணம் முடியட்டும் பார்த்துக்கலாம் என்று. ஆனால் அண்ணன் மங்கை என்று கூப்பிட மாட்டார், அரசி என்பார். வாக்கியத்தை மறுபடி மறுபடி காதில் போட்டுப் பார்த்தாள். கல்யாணம் முடியட்டும். அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. குஞ்சம்மாள் தன் ஆயுளில் யாரிடமும் கெஞ்சினதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சொல்கிறாள், கல்யாணம் முடியட்டும்மா, முடிஞ்ச அன்னிக்கே திருச்சிக்குத் தூக்கிட்டுப் போறேன். அந்தக் குரல் யாருடையது என்று மங்கையர்க்கரசிக்கு நன்றாகத் தெரிந்தது, தினமும் தன் தொண்டையிலிருந்து வருகிற குரல்தான். அம்மா சொன்னது ஒரே ஒரு வார்த்தை. சரி. கல்யாணம் முடிந்த மறுநாள் மறுவீடு, அதற்கடுத்த நாள் சம்பந்தி வீட்டார் வந்தார்கள், அதற்கடுத்த நாள் அண்ணன் இனிமேல் என்னத்துக்கு என்றார். அவளும் அதற்கு மேல் பேசவில்லை.

தேன்மொழி படியேறி வரும் சத்தம் கேட்டது. முகமெல்லாம் வியர்வை, பின் தெருவில் கோயில் சுவரோரம் இடம் கிடைத்ததாம், ஒரு ஆட்டோக்காரரிடம் சண்டையும் போட்டாயிற்றாம். படிவத்தை எடுத்துக் கடைசிக் கேள்விக்கும் டிக் போட்டு, எழுந்து போய் ஜெனிட்டாவிடம் நீட்டினாள். ஜெனிட்டா விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்து ஏழாவதில் நின்றாள். லால்குடி அம்மா உஷார்ப்படுத்திவிட்டிருக்க வேண்டும். தேன்மொழியைத் தாண்டி நேரே நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து, “உங்கம்மாவுக்கு இடுப்போ தொடையோ உடைஞ்சதில்லைங்களாம்மா?” என்று கேட்டாள்.

எங்கள் பரம்பரையில் யாருக்கும் எலும்பு உடைந்ததில்லை, அம்மாச்சிக்கு வாதம் என்று தேன்மொழி முந்திக்கொண்டு சொன்னாள். அந்தப் பெண் பதில் வந்துவிட்டது என்று தலையை ஆட்டவில்லை. கேட்டது மகளிடம் இல்லை என்பதைப் போலக் காத்துக்கொண்டிருந்தாள். மங்கையர்க்கரசி இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆளிடமும் அப்படிக் காத்திருந்ததில்லை.

“அது தப்பு தேனு,” என்றாள். “ஆம்னு போடு.”

அம்மா கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்த தேன்மொழி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஏழாவது கேள்வியை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். படித்து முடிக்கும் வரை மங்கையர்க்கரசி பொறுத்திருந்தாள்.

“அம்மாச்சிக்கு வாதம் இல்ல. கொல்லையில விழுந்து தொடை எலும்பு உடைஞ்சிருச்சு. உன் கல்யாணத்துக்குப் பத்தொம்பது நாள் முன்னாடி. ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க. நாந்தான் கல்யாணம் முடியட்டும்னு சொன்னேன்.” மாமா சொன்னார் என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது, சொல்லவில்லை.

ஜெனிட்டா படிவத்தை மேசை மேல் வைத்துவிட்டு, உள்ளே யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போனாள். யாரும் கூப்பிடவில்லை. தேன்மொழி கோபப்படுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்திருந்த மங்கையர்க்கரசிக்கு, அவள் எதையோ எண்ணிப் பார்ப்பவளைப் போல உதட்டை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது புரியவில்லை.

“தாலி கட்டி முடிச்சதும் நான் உள்ள போனேனேம்மா,” என்றாள் தேன்மொழி. “எங்க கூட உக்காந்து ஒரு போட்டோ எடுத்துக்கணும்னு நாந்தான் அம்மாச்சியத் தூக்கி உக்கார வெச்சேன். முதுகுக்கு ரெண்டு தலகாணி குடுத்து. கால நான்தான் இழுத்துத் தொங்கப்போட்டேன்.”

“ஆமா.”

“நீ வாசல்ல நின்னுட்டிருந்த.”

“நின்னுட்டிருந்தேன்.”

“அம்மாச்சி சிரிச்சாங்க. போட்டோல சிரிச்சிட்டுத்தான் இருக்காங்க.” அம்மாவின் பக்கம் திரும்பினாள். “வலிச்சுதாம்மா அவங்களுக்கு?”

இல்லை, வயசானவங்களுக்கு அவ்வளவு தெரியாது என்று சொல்லிவிடலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அதைச் சொன்னால் மகள் ராத்திரி தூங்குவாள். அந்த வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. மங்கையர்க்கரசி இடது கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிச்சுது,” என்றாள். “நாப்பத்தோரு நாளும்.”